வட்டாரச் செய்தி தளத்துக்கு எந்த எடிட்டர்? தமிழ் தட்டச்சு, பாமினி ஒட்டல், எழுத்து வரம்பு பற்றி விரிவான பதில்

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வட்டாரச் செய்தி வெப் அப்ளிகேஷன் செய்து கொண்டிருக்கிறோம். முன்பக்கம் ரியாக்ட், பின்னால் நோட், மைஎஸ்கியூஎல். அம்பாசமுத்திரம், களக்காடு, திசையன்விளை, சங்கரன்கோவில் பக்கத்து நிருபர்கள் போனிலேயே செய்தி அடித்து அனுப்புவார்கள். இதுவரை வெறும் டெக்ஸ்ட்ஏரியாதான், அதாவது அலங்காரம் எதுவும் இல்லாத எழுத்துப் பெட்டி. தடித்த எழுத்து, துணைத்தலைப்பு, படம் எல்லாம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்கிறார். ஒரு எடிட்டரைப் போட்டுப் பார்த்ததில் மூன்று சிக்கல். போனில் தமிழ் அடித்தால் சொல் இரட்டிக்கிறது. அச்சகத்திலிருந்து வரும் வேர்டு கோப்பை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. தலைப்புக்கு 60 எழுத்து வரம்பு வைத்தால் பாதியிலேயே நின்று விடுகிறது. எந்த எடிட்டர் எடுக்கலாம், எப்படிச் சேர்க்கலாம்?

பதில்:

தம்பி, முடிவை முதலில் சொல்லி விடுகிறேன். ரியாக்டில் செய்வதால் டிப்டாப் (Tiptap) என்ற எடிட்டரை எடுங்கள். பட்டன்களை எட்டொன்பதுக்கு மேல் வைக்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று சிக்கலில் ஒன்றுகூட எடிட்டரை மாற்றினால் மட்டும் தீராது. மூன்றும் நாம் அதைச் சேர்க்கிற விதத்தில் இருக்கின்றன. எடிட்டர் என்றதும் எல்லோரும் டூல்பாரைத்தான் பார்க்கிறோம். டேட்டாபேஸுக்குள் எந்த மாதிரி எழுத்து போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிக்கிற வாசல்தான் எடிட்டர். அந்தத் தீர்மானத்தை முதலில் எடுத்து விட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வரும்.

ஏன் டிப்டாப்? அது புரோஸ்மிரர் என்ற லைப்ரரியின் மேல் கட்டப்பட்டது. புரோஸ்மிரரில் ஸ்கீமா உண்டு. இந்த ஆவணத்தில் பத்தி இருக்கலாம், இரண்டாம் நிலைத் தலைப்பு இருக்கலாம், பட்டியல், மேற்கோள், படம் இருக்கலாம் என்று நாம் எழுதி வைத்தால், அதில் இல்லாத எதுவும் உள்ளே வராது. நிருபர் எங்கிருந்து ஒட்டினாலும் சரி, ஊதா நிறமும் மூன்று வித எழுத்து அளவும் கூட வந்தாலும் சரி, வாசலிலேயே உதிர்ந்து விடும். பல கைகள் எழுதுகிற செய்தித் தளத்துக்கு இது பெரிய நிம்மதி. டிப்டாப்பின் அடிப்படைப் பகுதிகள் எம்ஐடி லைசென்ஸில் கிடைக்கின்றன, காசு கிடையாது. டூல்பார் கூடவே வராது, நீங்கள்தான் செய்து கொள்ள வேண்டும். முதலில் அது வேலை அதிகம் போலத் தோன்றும். ஆனால் பட்டனின் பெயரைத் தமிழில் வைப்பது, போனில் டூல்பாரைக் கீழே இறக்குவது எல்லாம் உங்கள் கையில் இருக்கும்.

மற்றவற்றையும் சொல்லி விடுகிறேன், ஆசிரியர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். குவில் எளிது, 2024-இல் 2.0 பதிப்பு வந்தது. ஆனால் குவிலை ரியாக்டில் பொருத்த எல்லோரும் பயன்படுத்திய ரியாக்ட்-குவில் தொகுப்பு ரியாக்ட் 19-இல் உடைகிறது, அது நம்பியிருந்த பழைய ஃபங்ஷனை ரியாக்டே எடுத்து விட்டது. இனி குவில் வேண்டுமென்றால் நேரடியாகப் பொருத்த வேண்டும். டைனிஎம்சிஇ, சிகேஎடிட்டர் 5 இரண்டும் முழுமையானவை, டூல்பாரோடு வருபவை. அவை இப்போது ஜிபிஎல் (நம் குறியீட்டையும் திறந்து வைக்கக் கேட்கும் இலவச லைசென்ஸ்) அல்லது காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸில்தான் கிடைக்கின்றன. டைனிஎம்சிஇ 2024-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து அப்படி மாறியது. உங்கள் செயலியின் குறியீட்டை மூடி வைத்து விற்கப் போகிறீர்கள் என்றால் லைசென்ஸைப் படித்து விட்டு இறங்குங்கள். பழைய பயிற்சிப் பக்கங்களைப் பார்த்து சிகேஎடிட்டர் 4-ஐ எடுத்து விடாதீர்கள், அதற்கான இலவச ஆதரவு 2023 ஜூனோடு முடிந்தது. மெட்டாவின் லெக்சிகல் நல்ல லைப்ரரி, ஆனால் நாமே எழுத வேண்டியது அதில் அதிகம். இரண்டு பேர் இருக்கிற அணிக்கு அது வேண்டாம்.

எந்த லைப்ரரியும் வேண்டாம், பிரவுசரில் இருக்கிற கன்டென்ட்எடிட்டபிளை வைத்து நாமே செய்து விடலாம் என்று அணியில் யாராவது சொல்வார்கள். அந்த வசதி 2000-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5-இல் வந்தது. என்டர் அடித்தால் என்ன டேக் விழ வேண்டும் என்பதில்கூட பிரவுசர்கள் நீண்ட காலம் ஒத்துப் போகவில்லை. தடித்த எழுத்துக்கும் பட்டியலுக்கும் பயன்படுத்திய எக்செக்கமாண்ட் இப்போது கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சரி, சொல் இரட்டிப்பதற்கு வருவோம். போனில் ஜிபோர்டு போன்ற கீபோர்டில் ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தமிழாக்குகிறவர்கள்தான் அதிகம். 'நெல்லை' என்று அடிக்கும்போது அந்தச் சொல்லின் அடியில் ஒரு கோடு தெரியும், கவனித்திருப்பீர்கள். கோடு இருக்கிற வரை அந்தச் சொல் கீபோர்டின் கையில் இருக்கிறது, எடிட்டருக்குச் சொந்தமாகவில்லை. ஸ்பேஸ் தட்டினாலோ பரிந்துரையைத் தொட்டாலோதான் கீபோர்டு பழையதை எடுத்து விட்டுப் புதியதை வைக்கும். இந்த இடைவெளிக்குப் பெயர் கம்போசிஷன். அந்த நேரத்தில் நம் ரியாக்ட் குறியீடு ஸ்டேட்டை மாற்றி, அந்த எழுத்து இருந்த இடத்தை அழித்து மறுபடி வரைந்தால், கீபோர்டு தான் பிடித்து வைத்திருந்த இடத்தைத் தொலைத்து விடும். பழையதை எடுக்க முடியாமல் புதியதையும் வைக்கும். 'நெல்நெல்லை' என்று வருவது இப்படித்தான்.

உங்கள் குறியீட்டைப் பார்க்காமலேயே ஒன்று ஊகிக்கிறேன். ஒவ்வொரு தட்டுக்கும் எடிட்டரின் உள்ளடக்கத்தை ஸ்டேட்டில் (மாறினால் திரையை மறுபடி வரைய வைக்கும் ரியாக்ட் நினைவில்) வைத்து, அதே ஸ்டேட்டை மறுபடி எடிட்டருக்கு வேல்யூவாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். சாதாரண இன்புட் பெட்டிக்கு ரியாக்டில் அப்படித்தான் செய்வோம். ரிச் டெக்ஸ்டுக்கு அது ஆகாது. ஆரம்ப உள்ளடக்கத்தை ஒரு முறை மட்டும் கொடுங்கள். அப்புறம் எடிட்டர்தான் முதலாளி. மாறும்போது அது சொல்லும், நீங்கள் அதை ரியாக்டின் ரெஃப் (ref, மாறினாலும் திரையை மறுபடி வரையாதது) ஒன்றில் குறித்து வைத்துக் கொண்டு, எழுதுபவர் சற்று நிறுத்தும்போது சேமியுங்கள். வேறொரு செய்தியைத் திறக்கும்போது மட்டும் உள்ளடக்கத்தை மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே இரட்டிப்பு பெரும்பாலும் நின்று விடும். கர்சர் கடைசிக்கு ஓடுகிற தொல்லையும் போய் விடும்.

மீதி இருந்தால் கீடவுன் (சாவி அழுத்தப்பட்டது) நிகழ்வை நம்பி எழுதிய குறியீட்டைத் தேடுங்கள். ஆண்ட்ராய்டில் கம்போசிஷன் நடக்கும்போது எந்தச் சாவியைத் தட்டினாலும் பெரும்பாலும் கீகோடு (சாவியின் எண்) 229 என்றே வரும். என்டர் தட்டினால் இது, ஸ்பேஸ் தட்டினால் அது என்று நீங்கள் எழுதியது அங்கே வேலை செய்யாது, அல்லது தப்பான நேரத்தில் வேலை செய்யும். கம்போசிஷன் நடக்கிறதா என்பதை நிகழ்விலேயே கேட்டுப் பார்க்கலாம்; நடந்தால் கையை எடுத்து விடுங்கள். எழுத்து எண்ணிக்கை காட்டுவது, சொல்லைத் தானாகத் திருத்துவது போன்ற கூடுதல் வேலைகளும் கம்போசிஷன் முடிந்த பிறகுதான் நடக்க வேண்டும். இன்னொன்று, டெவலப்மென்டில் டூல்பார் இரண்டு முறை தெரிந்தால் பதற வேண்டாம். ஸ்ட்ரிக்ட்மோடில் ரியாக்ட் ஒவ்வொரு காம்பொனென்டையும் வேண்டுமென்றே இரண்டு முறை ஏற்றிப் பார்க்கும். குவில் போன்றவற்றை நேரடியாகப் பொருத்தி, இறக்கும்போது துடைக்காமல் விட்டால் இரண்டு டூல்பார் நிற்கும். துடைக்கும் குறியீட்டை எழுதுங்கள், ஸ்ட்ரிக்ட்மோடை அணைக்காதீர்கள்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் சோதித்து விட்டு நிறுத்தாதீர்கள். நிருபர்கள் கையில் இருக்கிற போன்களிலேயே, அவர்கள் பழகிய கீபோர்டிலேயே சோதியுங்கள். ஒருவர் ஒலிப்படி அடிப்பார், ஒருவர் தமிழ்99, ஒருவர் பேசியே எழுதுவார். சொல்லின் நடுவே கர்சரை வைத்து ஓர் எழுத்து நுழைப்பது, பேக்ஸ்பேஸில் 'லை'-யை அழிப்பது, தடித்த எழுத்தின் ஓரத்தில் தொடர்ந்து அடிப்பது, இந்த மூன்று இடங்களில்தான் எடிட்டர்கள் தடுமாறும். தமிழில் பேக்ஸ்பேஸ் பொதுவாக முழு எழுத்தை அழிக்காது, முதலில் 'ை' போகும், அப்புறம்தான் 'ல' போகும். அது கோளாறு இல்லை, அப்படியே இருக்கட்டும்.

எழுத்து வரம்பு. 'திருநெல்வேலி' என்பதை எண்ணுங்கள்: தி, ரு, நெ, ல், வே, லி. ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளத்தைக் கேட்டால் 12 என்று சொல்லும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கும் ஒன்று என யூனிகோடு எண்களை அது எண்ணுகிறது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36 பைட். 60 எழுத்து வரம்பு முப்பத்தைந்து, நாற்பது எழுத்திலேயே நின்றது இதனால்தான். இன்ட்ல்.செக்மென்டர் என்று ஜாவாஸ்கிரிப்டிலேயே ஒரு வசதி இருக்கிறது, 2024 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு. அதில் எண்ணினால் ஆறு என்றே வரும். வரம்பை அதில் வையுங்கள். பிரவுசரின் நீள வரம்பான மேக்ஸ்லெங்த்தைத் தமிழ்ப் பெட்டியிலிருந்து எடுத்து விடுங்கள்.

இதே கணக்கு மைஎஸ்கியூஎல்லில் இன்னும் மோசமாகக் கடிக்கும். டெக்ஸ்ட் என்ற வகை 65,535 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு மூன்றால் வகுத்தால் 21,845 யூனிகோடு எண்கள். அதிலும் எச்டிஎம்எல் டேக்குகள் பங்கு கேட்கும். ஆனித் தேரோட்டச் சிறப்புக் கட்டுரை போல நீளமாக ஒன்று வந்தால் இடிக்கும். மைஎஸ்கியூஎல்லின் ஸ்ட்ரிக்ட் முறை (ரியாக்டின் ஸ்ட்ரிக்ட்மோடு வேறு) அணைந்திருந்தால் பிழை சொல்லாமல் வாலை வெட்டி விட்டுச் சேமிக்கும். மீடியம்டெக்ஸ்ட் வையுங்கள், 16 எம்பி வரை தாங்கும். கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4.

இப்போது அச்சகக் கோப்பு. இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பக்கம் அழைப்பிதழ், நோட்டீஸ், கோயில் மலர், சங்க அறிக்கை எல்லாம் இன்றைக்கும் டிடிபி சென்டர்களில் பாமினியிலும் வானவில்லிலும்தான் நிறைய அடிக்கப்படுகின்றன. இவை யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி எழுத்துரு போட்டிருக்கிற வரைதான் அது அம்மா. எழுத்துரு கழன்றால் ஆங்கிலக் குப்பை.

இங்கேதான் பெரும்பாலான எடிட்டர்கள் நம்மைக் கவிழ்க்கின்றன, அதுவும் நல்ல எண்ணத்தோடு. வேர்டிலிருந்து காப்பி செய்யும்போது கிளிப்போர்டில் எச்டிஎம்எல்லும் வருகிறது, அதில் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் இருக்கிறது. இந்தத் துண்டு பாமினி, இந்தத் துண்டு டைம்ஸ் நியூ ரோமன் என்று. எடிட்டர் ஒட்டியதைச் சுத்தம் செய்கிறேன் என்று முதல் வேலையாக அந்த எழுத்துருப் பெயரைத்தான் எடுத்து எறிகிறது. இது தமிழ், இது நிஜமான ஆங்கிலம் என்று பிரித்துச் சொல்ல நமக்கு இருந்த ஒரே தடயம் அதுதான். அதனால் வரிசை முக்கியம்: முதலில் மாற்றம், அப்புறம் சுத்தம்.

புரோஸ்மிரரில் ஒட்டிய எச்டிஎம்எல்லை ஸ்கீமா அலசும் முன் நம் கைக்குத் தருகிற கொக்கி ஒன்று இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்ம்பேஸ்டட்எச்டிஎம்எல் என்று பெயர். டிப்டாப்பில் எடிட்டர்பிராப்ஸ் வழியாக அதைக் கொடுக்கலாம். அதற்குள் எச்டிஎம்எல்லைப் பிரித்து, ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் அதன் மேல் எந்த எழுத்துரு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயரில் பாமினியோ வானவில்லோ இருந்தால் அதற்குரிய அட்டவணையை வைத்து அந்தத் துண்டை மட்டும் யூனிகோடாக்குங்கள். மற்றதைத் தொடாதீர்கள்; நடுவில் வரும் மின்னஞ்சல் முகவரி, வண்டி எண் எல்லாம் அப்படியே தப்பிக்கும். சில நேரம் எழுத்துருப் பெயர் துண்டிலேயே இருக்காது, மேலே ஸ்டைல் பகுதியில் கிளாஸுக்கு எழுதப்பட்டிருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

அட்டவணையில் ஒரு நுணுக்கம். பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க. யூனிகோடில் முதலில் க, அப்புறம் கொம்பு. 'கொ' என்றால் பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று. ஒவ்வொரு குறியாக மாற்றிக் கொண்டு போனால் கொம்பு எல்லாம் முந்தின எழுத்தில் போய் ஒட்டிக் கொள்ளும். அதனால் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, அப்புறம் குட்டையானவற்றுக்கு வர வேண்டும். திறமூலத்தில் இதற்கான மாற்றிகள் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் கொ, கோ, கௌ வரிசைகளையும் ஸ்ரீ, க்ஷ இரண்டையும் சோதித்து விட்டே நம்புங்கள்.

கிளிப்போர்டில் எழுத்துருப் பெயர் வராத நேரமும் உண்டு. வாட்ஸ்அப்பில் வெறும் எழுத்தாக வந்ததைக் காப்பி செய்தால் எந்தத் தடயமும் இருக்காது. தானாகக் கண்டுபிடிக்கும் ஊகக் குறியீட்டை எழுத ஆசை வரும். வேண்டாம், என்றைக்காவது ஒரு நல்ல ஆங்கில மேற்கோளைச் சிதைத்து விடும். டூல்பாரில் 'பழைய எழுத்துருவை மாற்று' என்று ஒரு பட்டன் வையுங்கள். பகுதியைத் தேர்ந்தெடுத்து, பாமினியா வானவில்லா என்று நிருபரே சொல்லட்டும். மாற்றினால் எப்படி வரும் என்று முன்கூட்டிக் காட்டுங்கள். உங்கள் தளத்தில் தடித்த எழுத்துப் பட்டனைவிட இந்தப் பட்டனுக்குத்தான் அதிக நன்றி வரும்.

தேடலுக்காக ஒரு வேலை. 'பொருநை' என்பதில் 'பொ' இரண்டு விதமாக உள்ளே இருக்கலாம்: ப-வும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது ப, கொம்பு, கால் என்று மூன்று துண்டாக. கண்ணுக்கு ஒன்றே, கம்ப்யூட்டருக்கு வேறு. சேமிக்கும்போது சர்வரில் என்எஃப்சி (யூனிகோடின் ஒரே வடிவாக்கும் முறை) நார்மலைஸ் செய்தால் இரண்டும் ஒன்றாகி விடும். எடிட்டருக்குள், அடிக்கும்போதே செய்யாதீர்கள், மறுபடி கர்சர் ஓடும். என்எஃப்சி தீர்க்காத இரண்டு உண்டு. 'ஸ்ரீவைகுண்டம்' எழுதுகிறவர்களில் சிலருடைய கீபோர்டு ஸ்ரீ-யை ஸ-வில் தொடங்கும், சிலருடையது 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கும். திரையில் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி தெரியும். தேடினால் பாதிச் செய்தி வராது. இன்னொன்று 'பௌர்ணமி', ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் போட்டு அடிப்பவர்கள் நிறைய. இவற்றைத் தேடல் அட்டவணைக்கு அனுப்பும் பிரதியில் நீங்களே மாற்றி வையுங்கள். வேர்டிலிருந்தும் பிடிஎஃபிலிருந்தும் வருகிற கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகளையும் அங்கேயே எடுத்து விடலாம்.

டூல்பாரில் என்ன வைப்பது? தடித்த எழுத்து, துணைத்தலைப்பு, பட்டியல், மேற்கோள், இணைப்பு, படம், பின்வாங்கு, மறுபடி செய், கூடவே மேலே சொன்ன எழுத்துரு மாற்றும் பட்டன். போதும். சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டும். ஒரு பத்தி அப்படி இருந்தால் படிப்பவர் கண் களைத்துப் போகும். அடிக்கோடும் வேண்டாம், 'கு', 'மூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதியில் முட்டும், போதாததற்கு இணைப்பு என்று நினைத்துத் தொடுவார்கள். இருபக்கமும் சமன் செய்வதும் வேண்டாம். நம் சொற்கள் நீளம், போன் திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். நிறம், எழுத்தளவு பற்றிப் பேச்சே இல்லை. டிப்டாப்பில் ஸ்டார்ட்டர்கிட் தொகுப்பைச் சேர்த்தால் சாய்வெழுத்து, கோட் பிளாக் எல்லாம் கூடவே வரும், வேண்டாததைப் பெயர் சொல்லி அணையுங்கள். ஒட்டும்போதும் அவை வராது. தடித்த எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழின் 700 எடையை உண்மையிலேயே ஏற்றுங்கள். இல்லையென்றால் பிரவுசர் எழுத்தைப் பூசித் தடிக்க வைக்கும், 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக் கொள்ளும். வரி உயரம் 1.7 அளவில் இருக்கட்டும். எடிட்டருக்கும் வாசகர் பக்கத்துக்கும் ஒரே சிஎஸ்எஸ். பட்டன்களுக்கு ஏரியா-லேபிளை (திரைவாசிப்பான் படித்துச் சொல்லும் பெயரை) தமிழில் எழுதுங்கள், திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கு அது இல்லாமல் எதுவும் புரியாது.

அட்டவணைப் பட்டன் கேட்பார்கள், காரணம் எனக்குத் தெரியும்: அணை நீர்மட்டம். நெல்லையில் செய்தித் தளம் நடத்தி விட்டு மழைக்காலத்தில் அதைப் போடாமல் இருக்க முடியாது. ஆனால் அதை ரிச் டெக்ஸ்டுக்குள் விடாதீர்கள். பாபநாசம் மொத்தம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த உச்ச அளவுகள் மாறாது. தினமும் மாறுவது இன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். இதற்குத் தனி ஃபார்ம், டேட்டாபேஸில் தனி டேபிள். எண்ணாகச் சேமித்தால் நாளைக்கு வரைபடம் போடலாம், போன வருஷத்தோடு ஒப்பிடலாம். எச்டிஎம்எல் அட்டவணைக்குள் எழுத்தாகப் புதைத்து விட்டால் அந்த வாய்ப்பு போய் விடும். செய்தியின் நடுவே அந்த அட்டவணை தெரிய வேண்டுமென்றால் டிப்டாப்பில் ஒரு தனி நோட் (ஆவணத்துக்குள் வரும் ஒரு துண்டு, சர்வரின் நோட் அல்ல) எழுதி, தேதியை மட்டும் அதில் வைத்து, காட்டும்போது டேபிளிலிருந்து எடுத்துக் காட்டலாம்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். ஸ்கீமா இருக்கிறது, அதனால் கெட்ட குறியீடு வராது என்று நம்பி விடக் கூடாது. எடிட்டரைத் தொடாமலே உங்கள் ஏபிஐக்கு (சர்வர் தரவு வாங்கும் வாசலுக்கு) யார் வேண்டுமானாலும் நேரடியாக எச்டிஎம்எல் அனுப்ப முடியும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் ஒருவர் தன் புரொஃபைலில் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டை நுழைத்து விட்டார். பார்த்தவர் பக்கத்துக்கெல்லாம் அது தானே தொற்றி, 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சம் கணக்குகளைத் தாண்டியது. பயனர் எழுதிய எச்டிஎம்எல்லைச் சரியாக வடிகட்டாததுதான் காரணம். நோடில் சானிடைஸ்-எச்டிஎம்எல் தொகுப்பு இருக்கிறது. எவற்றை அனுமதிக்கிறோம் என்ற பட்டியல் வையுங்கள். எவற்றைத் தடுக்கிறோம் என்ற பட்டியல் என்றைக்கும் முழுமையாகாது. டேக், ஆட்ரிபியூட் இரண்டுக்கும் பட்டியல் வேண்டும். இணைப்பில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மின்னஞ்சல், தொலைபேசி மட்டும். வாசகர் பக்கத்தில் எச்டிஎம்எல்லை நேரடியாக வைக்கும் ஒவ்வொரு இடமும் இந்த வடிகட்டலைத் தாண்டி வந்ததாக இருக்க வேண்டும்.

சேமிப்பது ஜேசானா (JSON, தரவை வகைப்படுத்தி எழுதும் வடிவம்), எச்டிஎம்எல்லா? இரண்டும். எடிட்டர் தருகிற ஜேசான்தான் மூலம், திருத்தும்போது அதைத்தான் திறக்க வேண்டும். அதிலிருந்து சர்வரில் எச்டிஎம்எல் உருவாக்கி, வடிகட்டி, வாசகருக்குத் தனியாக வையுங்கள். நாளைக்குச் செயலி செய்தாலோ எடிட்டரையே மாற்றினாலோ ஜேசான் கை கொடுக்கும்.

படம். சில எடிட்டர்கள் படத்தை பேஸ்64 எழுத்தாக்கி ஆவணத்துக்குள்ளேயே திணித்து விடும், குவிலின் இயல்பான நடத்தை அதுதான். படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், டேட்டாபேஸ் வீங்கும், செய்திப் பட்டியலைத் திறக்கவே நேரமாகும். படத்தைத் தேர்ந்தெடுத்ததும் பிரவுசரிலேயே 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, தனியாக அப்லோட் செய்து, ஆவணத்தில் முகவரியை மட்டும் வையுங்கள். கேன்வாஸ் வழியாகச் சுருக்கினால் போன் பதித்து வைத்த இருப்பிடத் தகவலும் கழன்று விடும். இது செய்தித் தளத்துக்கு மிக முக்கியம். மணல் கடத்தல் பற்றிப் படம் அனுப்பியவர் வீட்டு வாசலில் நின்று எடுத்திருக்கலாம், அந்த இடம் படத்தோடு வெளியே போகக் கூடாது. படத்துக்கு அடிக்குறிப்பும் மாற்று உரையும் கேளுங்கள்.

வரைவைத் தானாகச் சேமிப்பதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் போனவருக்கு சிக்னல் வந்து வந்து போகும். அடித்த செய்தி ஒரு முறை காணாமல் போனால் அவர் மறுபடி வாட்ஸ்அப்புக்கே திரும்பி விடுவார். சில நொடிக்கொரு முறை பிரவுசருக்குள்ளேயே இருக்கிற டேட்டாபேஸான இன்டெக்ஸ்ட்டிபியில் (IndexedDB) ஜேசானை எழுதுங்கள், இணைப்பு வந்ததும் சர்வருக்கு அனுப்புங்கள். லோக்கல்ஸ்டோரேஜ் சுமார் 5 எம்பிதான், அது வேண்டாம். பக்கத்தை மூடும்போது சேமிக்கலாம் என்று பிஃபோர்அன்லோடு நிகழ்வை நம்பாதீர்கள்; போனில் வேறு செயலிக்குப் போனால் அது பெரும்பாலும் வராது. பக்கம் மறையும் நிகழ்வில், அதாவது விசிபிலிட்டிசேஞ்சில் சேமியுங்கள். 'போனில் சேமித்தாயிற்று', 'சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது' என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டினால் நிருபருக்கு நிம்மதி.

கடைசியாக, டெக்ஸ்ட்ஏரியாவில் இதுவரை சேர்ந்த பழைய செய்திகள். அவற்றை அப்படியே எச்டிஎம்எல் என்று நினைத்து எடிட்டரில் ஏற்றினால் பத்திகள் எல்லாம் ஒன்றாகி விடும். யாராவது 'குறைவு' அடையாளத்தையோ (<) ஆம்பர்சாண்டையோ (&) அடித்திருந்தால் அதற்குப் பின் வருவது விழுங்கப்படலாம். முதலில் அந்தக் குறிகளை எஸ்கேப் செய்யுங்கள் (வெறும் எழுத்தாகவே படிக்கும்படி மாற்றுங்கள்), அப்புறம் வெற்று வரி விட்ட இடங்களைப் பத்தியாகவும், ஒற்றை வரி முறிவை வரி முறிவாகவும் மாற்றி ஜேசானாக்குங்கள். பழைய எழுத்தை அழிக்காமல் டேபிளின் வேறொரு நெடுவரிசையில் அப்படியே விட்டு வையுங்கள். ஒரு மழைக்காலச் சீசன் புது எடிட்டரில் ஓடி, யாரும் குறை சொல்லாத பிறகு அந்த நெடுவரிசையை நீக்கிக் கொள்ளலாம். பாமினி மாற்றும் கொக்கியை எழுதும்போது எங்காவது மாட்டிக் கொண்டால், ஒட்டிய எச்டிஎம்எல்லின் மாதிரி ஒன்றைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.